கூட்டல் மூன்று, கழித்தல் இரண்டு

மஞ்சவாடிக்குக் கீழே
பாறை இடுக்கில் கசிகிற இடத்தில்
மீட்டர் நூற்றெண்பது காட்டியது.
அதே ஆறு பூலாவரியில்
நாலாயிரத்து இருநூறு.
நடுவில் சேலம்.

ஒவ்வொரு முறை அளந்ததும்
மின்முனையைக் கழுவ வேண்டும்,
காய்ச்சி வடித்த தண்ணீரில்.
புட்டியை அழுத்தினால் ஒரு கையளவு போகும்.
அந்தப் பங்குனியில்
திருமணிமுத்தாற்றில் விழுந்த நல்ல தண்ணீர்
எனக்குத் தெரிந்து அவ்வளவுதான்.

திட்டம் இது:
ஊருக்கு மேலே ஒரு குறுக்குச் சுவர்.
கோடை முழுக்க வரும் உப்புநீரை மறித்து
குழாயில் ஏற்றி
முப்பத்தெட்டு ஏக்கர் மேய்ச்சல் புறம்போக்கில்
பாத்தி கட்டி வெயிலுக்கு விடுவது.
மழைவெள்ளம் வந்தால் மதகைத் தூக்குவது.
பத்து வருடத்தில் கீழ்க் கிணறுகள் தேறக்கூடும்
என்று எழுதியிருந்தேன்.
மாலினி மேடம் அந்தக் 'கூடும்' வேண்டாம் என்றார்.
தேறும்.

கருத்துக்கேட்பு ஒரு கல்யாண மண்டபத்தில்.
முந்தின நாள் முகூர்த்தத்து வாழைமரம்
வாசலில் இன்னும் சாயாமல் நின்றது.
சாயப்பட்டறைச் சங்கத்துக் கோவர்த்தனன்
காகிதமே பார்க்காமல் பேசினார்,
எத்தனை தறி, எத்தனை குடும்பம்,
சுவர் வந்தால் தங்கள் பங்கு எவ்வளவு என்று.
சுவர் வந்துவிட்டால்
பட்டறையை மூடச் சொல்லி
இனி யாரும் வரமாட்டார்கள் என்பதை
அவர் சொல்லவில்லை.
முகம் சொன்னது.

தென்னந்தோப்பு அத்தியப்பன் மைக்கைப் பிடித்து,
"உப்பைத் தின்னவன் தண்ணி குடிக்கோணும்பாங்க.
எங்கூர்ல தண்ணி குடிச்சவன்
உப்பைத் தின்னுட்டிருக்கறான்" என்றார்.
மண்டபம் சிரித்தது.
நடவடிக்கைக் குறிப்பில் அது ஏறவில்லை.

பிறகு பாவாயி எழுந்தாள்.
நாலு எருமை. கரையோரம் நீர்ப்புல்.
மைக் வேண்டாம் என்றாள்.
"உப்பை எடுத்துட்டுப் போறீங்க, சரி.
மாசியில இருந்து ஆடி வரைக்கும்
ஆத்துல என்னங்க ஓடும்?"

பொறியாளர் நல்ல மனிதர். பொய் சொல்லவில்லை.
"ஒண்ணும் ஓடாதும்மா."

"அப்ப எருமைக்கு?"

ஒலிபெருக்கி சற்று நேரம்
தானாக இரைந்துகொண்டிருந்தது.

இரவு, பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து லாட்ஜில்
கட்டங்களை நிரப்பினேன்.
கிணற்று நீர்: கூட்டல் மூன்று.
மேய்ச்சல்: கழித்தல் இரண்டு.
பறவைகள்: கூட்டல் ஒன்று,
உப்புப் பாத்திக்கு உள்ளான்கள் வருமாம்.
போடக் கொஞ்சம் கூச்சமாயிருந்தது. போட்டேன்.
பாத்தியில் மிஞ்சும் உப்பு எங்கே போகும்
என்ற வரிக்கு நேரே
'பின்னர் முடிவு செய்யப்படும்.'
ஓடாத ஆற்றுக்கு எது கட்டம்?
தேடினேன். 'அழகியல்' என்று ஒன்று இருந்தது.
அதில் கழித்தல் ஒன்று.
பக்கத்தில் கேட்டிருந்தது:
மீளக்கூடியதா, மீளாததா?
பேனாவை மூடிவைத்தேன்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடையில்
கொலுசு நிறுக்கும் தராசு
கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும்,
மின்விசிறிக் காற்றும் எடையில் சேர்ந்துவிடக் கூடாதென்று.
என் தராசை எந்தப் பெட்டிக்குள் வைப்பது?
காற்றைத்தானே நிறுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

விடிந்ததும் கடைசி மாதிரி எடுக்கப் போனேன்.
கெண்டைக்கால் வரை நுரையில் நின்று
பாவாயி புல் அறுத்துக்கொண்டிருந்தாள்.
"எவ்வளவு காட்டுதுங்க?"
"நாலாயிரத்து நூத்தி இருபது."
"அன்னிக்கு?"
"நாலாயிரத்து இருநூறு."
"எம்பது கொறஞ்சிருக்குதே!"
கட்டை அப்படியே இடுப்பில் இடுக்கிக்கொண்டு
தண்ணீரை ஒருமுறை பார்த்தாள்,
வைத்தியம் கேட்கத் தொடங்கிய பிள்ளையைப் போல.

இந்தக் கருவியின் பிழையே அவ்வளவு வரும்.
சொல்ல வாய் வரவில்லை.
புட்டியைத் திறந்து மின்முனையைக் கழுவினேன்.
வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே,
அவள் நின்ற பக்கமாக.